ஆண் நண்டுக்குள் முட்டை

நான் இந்த மாதத்தோடு ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கில்லை. இரண்டாவது குழந்தை வரப்போகிறது. கணவரின் வேலையும் வேறு நகரத்துக்கு மாறிவிட்டது. ஒஸ்லோவில் கடலுணவுப் பரிசோதனை வேலைக்கு நம்மவர்கள் சிலர் புதிதாக வந்திருக்கிறீர்கள். இங்கேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இருவர், சென்னையிலிருந்து ஒருவர். போகிறவள் ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நீங்களே கேட்டீர்கள். எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன்.

உறைந்த பெட்டியை எப்படித் திறப்பது, மாதிரியை எப்படி எடுப்பது என்பதையெல்லாம் மற்றவர்கள் கற்றுத் தந்துவிடுவார்கள். நான் எழுதப்போவது சந்தேகத்தைப் பற்றி. இந்த வேலையில் நமக்குச் சம்பளம் தருவதே சந்தேகப்படுவதற்குத்தான். எனக்கு அது சம்பளம் இல்லாமலும் வரும். கதவைப் பூட்டினேனா என்று பார்க்க, இறங்கிய படியைத் திரும்ப ஏறுகிறவள் நான். குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். விழித்திருந்தால் ஏன் தூங்கவில்லை என்று பயப்படுவேன். அப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை பொருத்தம்தானா என்று கேட்டால், எனக்கே தெரியாது.

மகள் நிலா பிறந்து, விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம் ஒரு கூத்து நடந்தது. இறால் பெட்டி ஒன்றைத் திறந்தேன். புளித்த வாடை. அடுத்த பெட்டியிலும் அதே வாடை. முழுச் சரக்கையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். எங்கள் பகுதித் தலைவி வந்து ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்தார். பிறகு என் தோள் பக்கம் குனிந்து முகர்ந்தார். "பால்," என்றார். காலையில் நிலா என் தோளில் கக்கியிருக்கிறாள். அதன்மேலேயே வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு நான் வந்திருக்கிறேன்.

தலைவியின் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் வளர்ந்த நோர்வேக்காரர். வார்த்தைகளை எண்ணித்தான் செலவழிப்பார். அன்று எனக்கு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். ஒரு சரக்கை நிறுத்துவதற்கு முன்னால், எதைச் சந்தேகப்படுகிறேன் என்பதை ஒரே வாக்கியத்தில் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல வந்தால் அது சந்தேகம், வேலையைத் தொடரலாம். சொல்ல வராவிட்டால் அது வெறும் பயம், போய்க் காப்பி குடித்துவிட்டு வர வேண்டும். அந்த நாட்களில் நான் நிறையக் காப்பி குடித்தேன்.

நண்டு விஷயம் அதற்கு இரண்டு மூன்று வருடங்கள் கழித்து வந்தது.

அப்போது நாங்கள் ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். எங்களுக்குக் கீழ்மாடியில் யோகன் அண்ணனும் தவம் அக்காவும். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அகதிகளாக வந்து, நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் மீன் ஆலையில் பல வருடம் கத்தி பிடித்துவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தவர்கள். அண்ணன் சிறியதாக ஓர் இறக்குமதி வியாபாரம் தொடங்கியிருந்தார். நான் நாகப்பட்டினத்துக்காரி. என் தமிழைக் கேட்டு அவர்களும் அவர்கள் தமிழைக் கேட்டு நானும் உள்ளுக்குள் கொஞ்சம் சிரித்துக்கொள்வோம். படிக்கட்டில் பார்த்தால் நலம் விசாரிக்கும் அளவுக்குத்தான் பழக்கம். அதனால், ஒரு சனிக்கிழமை தவம் அக்கா கதவைத் தட்டி மறுநாள் மதியம் சாப்பிட வரச் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது: ஏன் இப்போது?

கணவருக்கு அலுவலக வேலை இருந்தது. நானும் நிலாவும் போனோம்.

"நண்டு சாப்பிடுவீரோ?" என்றார் தவம் அக்கா. "இந்தியா ஆக்களிலை சிலபேர் மச்சம் தொடமாட்டினம்."

"நாகப்பட்டினத்துக்காரிகிட்ட கேக்குற கேள்வியாக்கா இது?"

"அப்ப சரி. ஆனா இது உம்மடை ஊர் நண்டில்லை. பார்த்தா ராவிலை நித்திரை வராது."

சமையலறை மேடையில் அதன் ஓடு கவிழ்ந்து கிடந்தது. என் இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்தாற்போல அகலம். செங்கல் நிறம், உடம்பெங்கும் முள். கால்களில்கூட முள்.

"ராசநண்டு," என்றார் யோகன் அண்ணன். "தென்துருவப் பக்கம், ஐஸ் கடல். வெளிச்சமே போகாத ஆழத்திலை கிடக்கிறது. இஞ்சை வடக்கிலை பிடிக்கினமே, அதின்ரை சொந்தக்காரன். ஹம்மர்பெஸ்டிலை நாங்கள் மீன் வெட்டேக்கை தலையளை எல்லாம் எறிஞ்சுபோடுவாங்கள். எங்கடை ஆக்கள் வாளியோடை நிப்பம். நண்டும் அப்பிடித்தான் பிள்ளை. நோர்வேக்காரனுக்குக் கால் மட்டும் போதும். உடம்பை எறிஞ்சிடுவான். உடம்பிலை எல்லோ ருசி!"

அதனால்தான் முழு நண்டாக உறைய வைத்து இறக்குமதி செய்கிறாராம். ஒஸ்லோத் தமிழர்கள் உடம்பை வாங்குவார்கள், உணவகங்கள் காலை வாங்கும் என்பது அவர் கணக்கு. ருசி பார்க்க ஒரு பெட்டி மட்டும் முன்கூட்டியே விமானத்தில் வந்திருந்தது. மற்றவை கப்பலில் வந்து துறைமுகக் குளிர்கிடங்கில் இறங்கிவிட்டன என்றார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. தெரியாததால் கேட்கவில்லையா, தெரிந்ததால் கேட்கவில்லையா என்று யோசித்தபடி முருங்கையிலை போட்ட அந்தக் குழம்பைச் சாப்பிட்டேன். அது மிக நன்றாக இருந்தது என்பதும் எனக்கு உறுத்தலாக இருந்தது.

தவம் அக்கா ஒரு சின்னக் கிண்ணத்தை நிலாவின் முன் வைத்தார். வெந்து வெளுத்த முட்டை மணிகள்.

"நண்டுச் சினை. சின்னப்பிள்ளையளுக்கு நல்லது. உள்ளுக்கை கட்டியா இருந்தது, தனியா எடுத்து வைச்சனான்."

நிலா ஒவ்வொரு மணியாக விரலால் எடுத்துத் தின்றாள். பாதி தின்றிருப்பாள். கைகழுவப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்தார். கிண்ணத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதைத் தன் பக்கம் இழுத்து, மிச்சத்தை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டார். குழந்தையிடமிருந்து பிடுங்கித் தின்கிறாரே என்று நினைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. என் மேசைக்கு வந்த பெட்டிகளின் மேல் யோகன் அண்ணனின் கடைப் பெயர் ஒட்டியிருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்ச் சொல்லுங்கள்: இவரை எனக்குத் தெரியும், நேற்று இவர் வீட்டில் சாப்பிட்டேன் என்று. தலைவி அப்போது கூட்டத்தில் இருந்தார். முதல் நண்டைத் திறந்து வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று நானே தொடங்கினேன்.

ஓட்டைத் தூக்கியதும் வலப்பக்கச் செவுளறையில் ஒரு முட்டைக் கொத்து தெரிந்தது. என் மகள் தின்ற அதே மணிகள். வேகாததால் வெளிர் ஆரஞ்சு நிறத்தில், கொத்தமல்லி விதையின் பருமனில் இருந்தன. நண்டு இட்ட முட்டை வயிற்று மடிப்பின் அடியில் ஒட்டியிருக்கும், செவுளுக்குள் இருக்காது. ஊரில் நண்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல நண்டைப் புரட்டிப் பார்த்தேன். வயிற்று மடிப்பு சிறியதாக, முக்கோணமாக, இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தது. இந்த இனத்தில் பெண்ணுக்கு அது அகன்று ஒரு பக்கமாகக் கோணியிருக்கும்.

ஆண் நண்டு. அதற்குள் முட்டை.

ஒரு மணியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். உள்ளே இரண்டு பெரிய கண்கள். சுருண்ட முதுகெலும்பு. வால். அது மீன்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் வலையில் பேத்தை மீன் விழுந்தால் தூரத் தூக்கி எறிவார்கள். அதன் முட்டை ஆளைக் கொல்லும். உலகத்தின் அடியில் ஏதோ ஒரு கடல். அதில் ஏதோ ஒரு மீன். அதன் முட்டையை யாரோ நண்டுக்குள் திணித்திருக்கிறார்கள். எடை கூட்டவா, சினை நண்டு என்று ஏமாற்றவா? அதை என் மகள் தின்றிருக்கிறாள்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. நிலா போகும் பார்னஹாகே மழலையர் காப்பகத்திலிருந்து. நிலா வாந்தி எடுத்துவிட்டாள், யாராவது வந்து அழைத்துப் போக முடியுமா?

கணவரைப் போகச் சொன்னேன். நச்சுத் தகவல் சேவையை அழைத்தேன். மறுமுனையில் பேசிய பெண் நிதானமாகக் கேட்டார்.

"குழந்தை என்ன சாப்பிட்டது?"

"முட்டை. நண்டுக்குள் இருந்தது."

"அப்படியானால் நண்டு முட்டை."

"இல்லை. மீன் முட்டை. ஆண் நண்டுக்குள் இருந்தது."

நான் சொன்னதை அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு உதடு மரத்திருக்கிறதா, நடக்கத் தள்ளாடுகிறாளா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்றெல்லாம் கேட்டார். நேற்று மதியம் என்றதும் அவர் குரல் கொஞ்சம் தளர்ந்தது. நான் பயப்படுகிற வகை விஷமாக இருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும் என்றார். குழந்தையைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றும், எந்த மீன் என்று தெரிந்தால் உடனே அழைக்கும்படியும் சொன்னார்.

தலைவி கூட்டம் முடிந்து வந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். கீழ்வீடு, குழம்பு, கிண்ணம், வாந்தி. அவர் நண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு வாக்கியம்," என்றார்.

"இறக்குமதியாளர் நண்டுக்குள் வேறு முட்டையைத் திணித்திருக்கிறார் என்று சந்தேகப்படுகிறேன்."

"சரி. இந்த அறிக்கையில் நீ கையெழுத்துப் போடக் கூடாது. நான் போடுவேன். ஆனால் முட்டையைப் பார்க்க இங்கே உன்னைவிட்டால் ஆளில்லை. வீட்டுக்குப் போகிறாயா, பார்க்கிறாயா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்பது குழந்தை உள்ளவர்களுக்குத் தெரியும். ஆனால் நச்சுத் தகவல் சேவை என்னிடம் கேட்டதும் தலைவி கேட்டதும் ஒன்றுதான்: இது யாருடைய முட்டை? வீட்டில் உட்கார்ந்து நிலாவின் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதற்கு விடை வராது. பார்க்கிறேன் என்றேன்.

நேரமும் அதிகமில்லை. குளிர்கிடங்கில் அந்தச் சரக்குக்கு அன்று மாலை வரைதான் இடம். கலப்படம் என்று எங்கள் அறிக்கை போனால் அதிகாரிகள் முழுவதையும் எரிக்கச் சொல்லிவிடுவார்கள். முதல் சரக்கே எரிந்துபோன வியாபாரிக்கு இரண்டாவது சரக்கை யார் கொடுப்பார்கள்?

தலைவி பக்கத்தில் இருக்க, ஒலிபெருக்கியில் போட்டு யோகன் அண்ணனை அழைத்தேன். பேசப் பேசத் தலைவிக்கு நோர்வே மொழியில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அண்ணா, அந்த நண்டுக்குள்ள இருந்த முட்டையை யாராவது வெச்சாங்களா?"

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? நண்டுக்குள்ளை முட்டை வைக்க நான் என்ன கோழியோ?"

"விளையாடாதீங்க அண்ணா. அது ஆண் நண்டு."

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆம்பிளை நண்டெண்டு தெரியும். சனிக்கிழமை நான்தான் வெட்டினனான். உள்ளுக்கை முட்டையைக் கண்டிட்டு எனக்கும் ஏதோ பிழையெண்டு பட்டது. நீர் உந்த வேலைதான் பாக்கிறீர் எண்டு இவள் சொன்னவள். அதைக் காட்டத்தான் உம்மைச் சாப்பிடக் கூப்பிட்டனான்."

"அப்புறம் ஏன் காட்டலை?"

"காட்டினா நீர் என்ன செய்வீர்? எழுதிப்போடுவீர் எல்லோ! எப்பிடிக் கேக்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்க, இவள் அதை அவிச்சு உம்மடை மகளுக்குக் குடுத்திட்டாள். குசினிக்குள்ளை நடந்தது எனக்குத் தெரியாது பிள்ளை. கண்ட உடனை மிச்சத்தை நான் எடுத்துச் சாப்பிட்டனான். அவள் திண்ட அளவு நானும் திண்டிருப்பன். எனக்கு ஒண்டும் செய்யேல்லை. நம்பும்."

நம்புவதா? அவர் கிண்ணத்தைப் பிடுங்கியதற்கு இந்த விளக்கம் சரியாகப் பொருந்தியது. அளவுக்கு மீறிச் சரியாகப் பொருந்தியது. தலைவியிடம் கடைசிப் பகுதியைச் சொன்னேன். "அவர் வயிறு ஆய்வுக் கருவி அல்ல," என்றார் அவர். "நண்டைப் பார்."

பார்த்தேன். மனிதர்கள் சொல்வதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அந்த நண்டை மட்டும் பார்த்த நேரம் அது. என் வேலை வாழ்க்கையில் அதைவிட அமைதியான நேரத்தை நான் அறியேன். பயம் எங்கும் போகவில்லை, ஆனால் கைக்கு வேலை இருந்தது.

இந்த வகை நண்டுக்கு வெளியே எண்ணினால் கொடுக்கோடு சேர்த்து எட்டுக் கால்கள்தான் தெரியும். மீதி இரண்டும் மெலிந்து குச்சிபோல் செவுளறைக்குள் மடங்கிக் கிடக்கும். செவுளைக் கூட்டிச் சுத்தம் செய்வதுதான் அவற்றின் வேலை. முட்டைக் கொத்து இருந்த பக்கத்துச் சின்னக் காலைத் தேடினேன். கொத்தின் மேலேயே படிந்திருந்தது. அதன் நுனி எட்டும் இடத்தில் மட்டும் முட்டைகள் தேய்ந்து, சில உதிர்ந்து, ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எட்டாத இடத்தில் முழுதாக இருந்தன. செத்த நண்டின் கால் கூட்டாது. உயிரோடு இருந்தபோதே, நெடுநாள், தன் செவுளில் ஒட்டிய எதையோ அகற்றப் பார்த்திருக்கிறது அந்த நண்டு. கொத்துக்கு அடியிலிருந்த செவுள் இழைகள் நசுங்கிக் கறுத்திருந்தன. திணித்த முட்டைக்கு அவ்வளவு காலம் கிடைத்திருக்காது.

மற்ற மாதிரிகளையும் திறந்தேன். பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை. ஒரு பெண் நண்டில் மறுபடி கண்டேன். வயிற்று மடிப்பில் அவளுடைய சொந்தச் சினை, கடுகளவு. செவுளறையில் அந்தப் பெரிய முட்டைகள். ஒரு கொத்தில் கண்கள் தெரிந்தன. பக்கத்திலேயே இன்னொரு கொத்து கண் வராமல் தெளிவாக இருந்தது. வேறு வேறு நாட்களில் இட்டவை. தன் குட்டிகளை வெளியே சுமந்துகொண்டு, யாருடைய குட்டிகளையோ மூச்சுக்குள் சுமந்திருக்கிறாள்.

இடையில் கணவர் அழைத்தார்.

"ஒரு தடவைதான் வாந்தி. இப்ப வாழைப்பழம் கேக்குறா. இங்க பாதிப் பிள்ளைங்க வரலை, வாந்தி நோயாம்."

"எப்பலேர்ந்து?"

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து."

"நம்ம பாப்பா வெள்ளிக்கிழமை நல்லாதானே இருந்தா? அப்ப இது அதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"உனக்கு என்னதான் வேணும்? வாந்தி நோயா இல்லாம இருக்கணுமா?"

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உதடு மரத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். முத்தம் கொடுத்தாள், நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

தலைவி, விலங்கியல் அருங்காட்சியகத்தில் நண்டுகளைப் படிக்கும் ஒருவரைப் பிடித்துவிட்டார். மின்னஞ்சலில் படங்களை அனுப்பிவிட்டு நான் பேசினேன். படத்தைத் திறந்ததுமே அந்த மனிதர் மகிழ்ச்சியில் சத்தம் போட்டார். ஆழ்கடலில் கொழகொழவென்று, செதிலே இல்லாத ஒரு மீன் குடும்பம் இருக்கிறதாம். அவற்றில் சில, ராஜ நண்டின் செவுளறைக்குள் முட்டையிடுமாம். ஓயாமல் நல்ல நீர் ஓடும் அறை, சுற்றிலும் முள்வேலி, அலைந்து திரியும் காவலாளி. இதைவிட நல்ல இடம் எந்த முட்டைக்குக் கிடைக்கும் என்றார்.

"விஷமா?"

"விஷம் என்று நான் கேள்விப்பட்டதில்லை."

"அப்படியானால் சாப்பிடலாமா?"

"யாரும் சாப்பிட்டதாகவும் கேள்விப்பட்டதில்லை."

"என் மகள் சாப்பிட்டிருக்கிறாள்."

அவர் மகிழ்ச்சி அடங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். மீனின் குடும்பப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். நச்சுத் தகவல் சேவையில் அந்தப் பெயருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. குழந்தை தண்ணீர் குடிக்கிறாளா, விளையாடுகிறாளா, அது போதும் என்றார் அதே பெண்.

மாலை நெருங்கியது. தலைவி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"எனக்கு எளிது எரிக்கச் சொல்வதுதான்," என்றார். "எரித்ததற்காக யாரும் என்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள். நீ சொல், ஒரு வாக்கியத்தில்."

"இது கலப்படமில்லை, கடலிலேயே நடந்தது. கால்களில் எனக்குச் சந்தேகமில்லை. உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாது."

"அது மூன்று வாக்கியம்."

"ஆமாம்."

அவர் மூன்றையும் எழுதினார். கால்களை வெட்டி விற்கலாம். உடம்புகள், அந்த முட்டையைப் பற்றி ஆய்வு முடியும்வரை பூட்டி வைக்கப்பட வேண்டும். பாதிச் சரக்குக்குக் கிடங்கில் இடத்தை நீட்டிக்க அவரே பேசினார். இளையவர்களே, "தெரியாது" என்பதை அறிக்கையில் எழுத வைப்பது எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் போகப்போகப் பார்ப்பீர்கள். எல்லோருக்கும் ஆம் அல்லது இல்லை வேண்டும்.

யோகன் அண்ணனுக்கு நானே சொன்னேன்.

"உடம்புக்காக எல்லோ இதை எடுத்தனான்," என்றார். "காலை வித்துப்போட்டு உடம்பை வைச்சிருக்கிறதெண்டா நானும் நோர்வேக்காரனும் ஒண்டு."

"முழுசா எரிச்சிருப்பாங்க அண்ணா."

"ஓம். அதுக்கு நன்றி சொல்லவேணுமோ?"

சொல்ல வேண்டாம் என்றேன். அவர் சொல்லவும் இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டது முட்டையைக் காட்டவா, குழம்பால் என் வாயை அடைக்கவா என்பதில் இன்றும் அவரைப் பாதிதான் நம்புகிறேன். நண்டின் சின்னக் கால் போட்ட பள்ளத்தைப் போல ஒரு தடயம் மனிதர்கள் சொல்லும் காரணத்தில் கிடைப்பதில்லை. கிடைக்காததால் அவரைத் தண்டிக்கவும் கூடாது. அந்த அளவுக்குத்தான் எனக்குத் தெளிவு உண்டு.

நிலா இரண்டே நாளில் துள்ளத் தொடங்கினாள். அந்த வார இறுதியில், பனிக் காலணியும் குட்டி முதுகுப்பையுமாக அவளை அழைத்துக்கொண்டு படியேறும்போது, தவம் அக்கா கதவைத் திறந்துகொண்டு நின்றார். நாங்கள் வருவதைச் சன்னலில் பார்த்திருக்க வேண்டும்.

"பிள்ளைக்கு எப்பிடி?"

"நல்லா இருக்காக்கா."

"வடிவாச் சாப்பிடுறாளோ?"

"சாப்பிடுறா."

"அந்த முட்டையைத் திண்டவள் நல்லா இருக்கிறாள். மிச்சத்தைத் திண்ட இவரும் நல்லா இருக்கிறார். அப்ப ஏன் உடம்பை விடேல்லை?"

நான் எதிர்பார்த்த கேள்விதான். ஆனாலும் அவர் கண்ணைப் பார்த்துச் சொல்வது சிரமமாக இருந்தது.

"ஒரு குழந்தை நல்லா இருக்கிறது போதாதுக்கா. அவ வாந்தி எடுத்தப்ப அதை வெச்சு உங்க சரக்கை எரிக்கச் சொல்லலை. அப்படின்னா, இப்ப அவ நல்லா இருக்கிறதை வெச்சு விடவும் சொல்லக் கூடாது."

"உம்மடை சொந்தப் பிள்ளை எண்டாலுமோ?"

"என் பிள்ளைங்கிறதாலதான்."

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"உம்மைக் கட்டினவர் பாவம்," என்றார். "சரி, உள்ளை வாரும். இண்டைக்குக் கத்தரிக்காய்தான்."

"அந்தக் கோப்பு மூடுற வரைக்கும் உங்க வீட்டுல நான் சாப்பிடக் கூடாதுக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

"கத்தரிக்காய்க்கும் கோப்பு இருக்கோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் நிலா என் கையை உதறிவிட்டு, அவர் சேலைக்கும் கதவுக்கும் இடையில் புகுந்து உள்ளே ஓடிவிட்டாள். தவம் அக்கா அவள் பின்னால் போனார். கதவைச் சாத்தவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு தட்டு வைக்கும் சத்தம். நான் பனி ஒட்டிய காலணியோடு வாசலிலேயே நின்று, அவள் தட்டில் என்ன விழுகிறது என்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன்.